சக்கர வீட்டுக்கு இடமில்லாத ஊர்

கொச்சிவரை கேரவனில் போகலாம். ஆனால் மட்டாஞ்சேரிக்குள் அதை நிறுத்த இடமில்லை. ஏன் இடமில்லை என்று கேட்டால், ஐந்நூறு ஆண்டுக் கதை ஒன்று வெளியே வருகிறது.

கேரவன் என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சினிமா. படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் மரத்தடியில் நிற்கும் நீளமான வண்டி. ஜன்னலில் திரை, உள்ளே ஏ.சி., கதவைத் தட்டத் தயங்கும் உதவி இயக்குநர். ஷாட் ரெடியான பிறகுதான் நட்சத்திரம் கீழே இறங்குவார். அந்த வண்டி இப்போது கையில் கொஞ்சம் காசுள்ள குடும்பங்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. உள்ளேயே படுக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். ஓட்டல் அறை தேடி அலையாமல் ஊர் ஊராகப் போகலாம்.

தென்னிந்தியாவில் இதற்கு அரசாங்கக் கம்பளம் விரித்த மாநிலங்களில் முன்வரிசையில் இருப்பது கேரளா. 2021 செப்டம்பரில் ‘கேரவன் கேரளா’ என்ற கொள்கையை அது அறிவித்தது. தென்னையைக் குறிக்கும் ‘கேர’வையும் கேரவனையும் முடிச்சுப் போட்ட பெயர். முதல் 100 வண்டிகளுக்கு ரூ. 7.5 லட்சம் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், எது குறைவோ அது மானியம். அடுத்த 100 வண்டிகளுக்கு ரூ. 5 லட்சம் அல்லது 10 சதவீதம். அதற்கடுத்த நூறுக்கு ரூ. 2.5 லட்சம் அல்லது 5 சதவீதம். இரண்டு பேருக்கு ஒரு ரகம், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு ரகம். படுக்கையாக விரியும் சோபா, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் அடுப்பு, சாப்பாட்டு மேஜை, கழிப்பறை, ஓட்டுநருக்கும் பயணிக்கும் இடையே தடுப்பு, வண்டி எங்கே போகிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். என்று எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி.

வண்டி இருந்தால் போதாது, நிறுத்த இடம் வேண்டும். அதற்குத்தான் கேரவன் பார்க். மின்சாரம், தண்ணீர், கழிவை இறக்கும் வசதி, காவல் எல்லாம் அங்கே இருக்கும். ஒரு பார்க்குக்குக் குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து வண்டிகள் நிறுத்தும் வசதி வேண்டும் என்கிறது கொள்கை. மாநிலத்தின் முதல் பார்க் 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் திறக்கப்பட்டது. மலை, புல்வெளி, பனிமூட்டம் என்று அந்த இடம் கேரவனுக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

மட்டாஞ்சேரி அப்படியல்ல. அங்கே 50 சென்ட் காலி நிலத்தைத் தேடுவதும் சென்னை பாரிமுனையில் மாந்தோப்பு தேடுவதும் ஒன்றுதான்.

நீரைப் பார்த்த வாசல்

பெரியாற்றின் ஒரு கிளையும், மூவாற்றுப்புழா, மீனச்சில், பம்பை போன்ற ஆறுகளும் வேம்பநாட்டுக் காயலில் சேர்ந்து கொச்சி முகத்துவாரம் வழியாகக் கடலில் கலக்கின்றன. அந்த முகத்துவாரத்தின் தென்கரையில் ஃபோர்ட் கொச்சி. அதை ஒட்டி, காயலைப் பார்த்தபடி மட்டாஞ்சேரி. இந்த ஊரைத் துறைமுகமாக்கியது ஒரு வெள்ளம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம், சங்கப் பாடல்கள் பேசும் முசிறி இருந்த கொடுங்கல்லூர்ப் பகுதித் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியில் புதிய வாயைத் திறந்துவிட்டது. மிளகு வாங்க வந்த கப்பல்கள் அதன் பிறகு இந்தப் பக்கம் திரும்பின.

1500 டிசம்பரில் போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள். 1503-ல் கோட்டை கட்டினார்கள். கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள், அதற்கு வெளியே மட்டாஞ்சேரியில் ராஜாவும் வியாபாரிகளும் என்று ஊர் பிரிந்தது. 1555-ல் போர்ச்சுகீசியர்கள் கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்த அரண்மனையை, 1663-ல் அவர்களை விரட்டிய டச்சுக்காரர்கள் பின்னாளில் செப்பனிட்டார்கள். பெயரையும் அவர்களே தட்டிக்கொண்டு போனார்கள். இன்றும் அது ‘டச்சு அரண்மனை’தான். அதன் சுவர்களில் தீட்டப்பட்டிருக்கும் ராமாயணக் காட்சிகளைப் பார்க்க மட்டுமே ஒரு காலை நேரத்தை ஒதுக்கலாம். பக்கத்திலேயே 1568-ல் எழுந்த பரதேசி யூத ஜெபாலயம். தரையில் சீனாவிலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள், வெளியே 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டு.

டூரிஸ்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பஜார் ரோட்டில் நடக்க வேண்டும். சாலையின் காயல் பக்கத்தில் வரிசையாகப் பழைய பண்டகசாலைகள். ஓட்டுக் கூரை, தடித்த சுவர், அகலமான மரக் கதவு. சுக்கு, மிளகு, அரிசி, பருப்பு என்று கடைக்குக் கடை வாசனை மாறும். சாலையிலிருந்து பார்க்கும்போது தெரிவது இந்தக் கட்டிடங்களின் ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. சரக்கு வந்ததும் போனதும் அந்த வழியாகத்தான். அன்றைய வியாபாரிக்கு அதுவே முன்வாசல். லாரி வந்து நிற்கும் சாலை, பிற்பாடு வந்த பழக்கம்.

தெரு ஏன் இவ்வளவு குறுகல் என்பதற்கு விடை இதுதான். ராஜபாட்டையாக இருந்தது காயல். தெரு, சுமை தூக்கும் மனிதனுக்கும் தள்ளுவண்டிக்கும் போதுமான அகலத்தில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள கேரவனை ஒருவர் சாமர்த்தியமாக உள்ளே ஓட்டிவிடலாம். எதிரே சரக்கு லாரி வந்து நின்றால் யார் பின்னால் போவது என்பதுதான் சிக்கல்.

முதல் கேரவன் மிதந்தது

வேடிக்கை என்னவென்றால், கேரளா வாடகைக்கு விட்ட முதல் நடமாடும் வீடு இந்த மட்டாஞ்சேரிக்குச் சொந்தக்காரன் போல வந்து போனதுதான். கெட்டுவள்ளம். ஆணி அடிக்காமல், ஆஞ்சிலி மரப் பலகைகளைக் கயிற்றால் தைத்து, முந்திரித் தோட்டிலிருந்து எடுத்த கறுப்பு எண்ணெய் பூசிச் செய்த பெரிய படகு. குட்டநாட்டு நெல்லையும் மலைச்சரக்கையும் ஏற்றிக்கொண்டு அது பல நாள் பயணமாகக் கொச்சிக்கு வரும். படகோட்டிகள் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, பண்டகசாலைப் படிக்கட்டில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவார்கள்.

சாலையும் லாரியும் வந்த பிறகு கெட்டுவள்ளத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1990-களின் தொடக்கத்தில் அதன் மேல் அறை கட்டி, கட்டில் போட்டு, டூரிஸ்டுகளை ஏற்றினார்கள். அதுதான் ஆலப்புழையின் ஹவுஸ்போட். கேரவன் கொள்கையை அறிவித்தபோது அரசே இந்த ஒப்பீட்டைச் சொன்னது. ஹவுஸ்போட்டுக்குப் பிறகு கேரளச் சுற்றுலாவின் அடுத்த பெரிய அடி இது என்று.

அப்படியானால் ஹவுஸ்போட் கற்றுக்கொடுத்த பாடத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். சரக்குப் படகை வீடாக்கியது நல்ல யோசனை. ஆனால் படகுகள் பெருகியபோது கழிவும் பெருகியது. 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்ற வேம்பநாட்டுக் காயலில் எண்ணெயும் கழிவுநீரும் கலக்கின்றன என்ற புகார் இன்றுவரை ஓயவில்லை. கேரவனிலும் ஒரு கழிவுத் தொட்டி உண்டு. அதை எங்கே காலி செய்வது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் எந்த ஊருக்குள்ளும் நுழையக்கூடாது. கொச்சியில் இது இன்னும் உறைக்கும். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ, நகரத்தைப் பல நாட்கள் புகையில் மூழ்கடித்தது. அதைச் சுவாசித்த மக்களுக்கு விருந்தாளியின் குப்பையும் குப்பைதான்.

பாலம் வந்தது, படகு போனது

மட்டாஞ்சேரியின் முன்வாசல் ஒரே நாளில் மூடப்படவில்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-ல் கொச்சிக்கு வந்தார். முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டி 1928-ல் பெரிய கப்பல்களை உள்ளே கொண்டுவந்தார். தூர்வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதுதான் வில்லிங்டன் தீவு. கப்பல் அந்தத் தீவில் அணைந்தது. தீவுக்கு ரயில் வந்தது. 1940-களில் தோப்பும்படிப் பக்கம் துறைமுகப் பாலம் எழுந்தது. படகுகளுக்கு வழிவிட நடுப்பகுதியைத் தூக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. பாலம்கூடப் படகுக்கு மரியாதை கொடுத்த காலம் அது. 2011-ல் கன்டெய்னர் முனையம் வல்லார்பாடத்துக்குப் போனபோது, பெரிய வணிகம் மட்டாஞ்சேரியின் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட்டது.

மிளகும் அப்படித்தான். யூதத் தெருவில் 1957-ல் தொடங்கிய மிளகு வியாபாரிகள் சங்கத்தின் சந்தையில் தரகர்கள் கூவிக் கூவி விலை பேசினார்கள். உலக மிளகு விலையை அந்த ஒரு கூடத்தின் இரைச்சல் அசைத்த காலம் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்னணுச் சந்தைகள் வந்தபின் கூச்சல் அடங்கியது. தெருவில் இன்று மிளகு மூட்டையைவிடப் பழம்பொருள் கடைகள் அதிகம் கண்ணில் படுகின்றன.

தெருவுக்குப் பெயர் கொடுத்த யூதர்களும் போய்விட்டார்கள். இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலோர் குடிபெயர்ந்தனர். வாசலில் அமர்ந்து எம்பிராய்டரி வேலை செய்த சாரா கோஹன் 2019 ஆகஸ்ட்டில் 96 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் அவரைத் தாய்போலப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். மட்டாஞ்சேரியைப் பற்றி இதற்கு மேல் ஒரு முன்னுரை தேவையில்லை.

துறைமுகத்தின் வேர்வையும் இங்கே பதிவாகியிருக்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு அந்த நாளில் ‘சாப்பா’ என்ற உலோக வில்லை வேண்டும். கங்காணிகள் அதைக் கூட்டத்துக்குள் எறிவார்கள். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அந்த முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. மூன்று தொழிலாளர்களின் உயிர் போனது. ராஜீவ் ரவி இயக்கி 2023-ல் வெளிவந்த ‘துறமுகம்’ படம் இந்தக் கதையைத்தான் சொன்னது. பஜார் ரோட்டின் அழகான பண்டகசாலைக் கதவுகளைப் படம் எடுக்கும்போது, அவற்றின் வழியே மூட்டை சுமந்தவர்களையும் நினைப்பது நியாயம்.

இங்கேயும் தமிழ்

குஜராத்திகள், கட்சி மேமன்கள், கொங்கணிகள், சமணர்கள், தக்னி முஸ்லிம்கள். மிளகு வாசனை பிடித்து வந்தவர்களும் அவர்களுக்கு வேலை செய்ய வந்தவர்களுமாக ஊர் நிறைந்தது. குஜராத்தி ரோட்டில் சமணக் கோயில், செர்லாயில் கொங்கணிகளின் திருமலைக் கோயில், சற்றுத் தள்ளி மசூதி என்று சில தெருக்களுக்குள் ஒரு துணைக்கண்டம். இந்தப் பட்டியலில் தமிழ் பிராமணர்களும் ராவுத்தர்களும் உண்டு. ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே ஓடும் ஒரு கால்வாயின் பெயரே ராமேஸ்வரம் கால்வாய். ஒரு காலத்தில் படகு போன அது, சேறும் குப்பையும் அடைத்துத் திணறி, தூர்வாரும் திட்டங்களுக்காகக் காத்துக் கிடந்த காலமே அதிகம்.

ஆனால் தமிழ்ப் பயணி அவசியம் போக வேண்டிய இடம் ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள சலவைக்கூடம். ஊரார் சொல்வது ‘தோபி கானா’. தங்கள் சிப்பாய்களின் சீருடைகளை வெளுக்க டச்சுக்காரர்கள் தமிழகத்திலிருந்து வண்ணார் குடும்பங்களை அழைத்து வந்தார்கள் என்பது இவர்களின் பூர்வ கதை. திறந்தவெளிக் குளக்கரைகளில் நடந்த தொழிலுக்கு 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கூரையும் கல்தொட்டிகளும் கட்டிக்கொடுத்தது. கஞ்சி போடுவது, முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் கிளிப் இல்லாமல் உலர்த்துவது, கரி இஸ்திரிப் பெட்டி என்று பழைய முறைகள் இன்னும் இருக்கின்றன. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். வாஷிங் மெஷின் வந்தபின் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போகிறது. கேரவனில் எல்லாம் உண்டு, துணி துவைக்கத்தான் வசதி குறைவு. நாலு நாள் அழுக்குத் துணியை இங்கே கொடுத்து வாங்கினால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போன கூட்டத்தில் நீங்கள் ஒருவராக இருக்க மாட்டீர்கள்.

இடம் யாருக்கு?

மட்டாஞ்சேரியின் பெரிய பிரச்சினை டூரிஸ்டுகளுக்கு இடம் போதாது என்பதல்ல. இருப்பவர்களுக்கே இடம் போதாது. ஒற்றை அறையில் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு தலைமுறை என்று வாழும் சந்துகள் இங்கே உண்டு. மழை வலுத்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். துருத்தியில் 394 குடும்பங்களுக்கான இரட்டை அடுக்குமாடிக் குடியிருப்பு பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2025 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. ஐந்து கேரவன்களுக்குக் குறைந்தது 50 சென்ட் என்று கேட்கும் ஒரு திட்டத்துக்கு இந்த ஊரில் இடமில்லை என்பதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

அதே சமயம் டூரிஸ்ட் வராமலும் ஊருக்குக் கட்டுப்படியாகாது. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே கலை விழா, பூட்டிக் கிடந்த பண்டகசாலைகள் சிலவற்றைத் திறக்க வைத்தது. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பிரியாணிக் கடை, வீட்டில் அறை வாடகைக்கு விடுபவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே கேள்வி, வருவதா வேண்டாமா என்பதல்ல. எந்த வழியாக, எதைச் சுமந்துகொண்டு வருவது என்பதுதான்.

வண்டியை விடுங்கள், படகைப் பிடியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து கேரவனில் வருவோருக்கு வசதியான வழி கோவை, வாளையார், பாலக்காடு, திருச்சூர். குதிரான் மலையைக் குடைந்து 2021-ல் முதல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தப் பாதையின் பழைய தலைவலி குறைந்துவிட்டது. மதுரை, தேனிக்காரர்களுக்குப் போடிமெட்டு, மூணாறு வழி அழகுதான். ஆனால் நீள வண்டிக்குக் கொண்டை ஊசி வளைவுகள் சோதனை. மழைக்காலத்தில் நிலச்சரிவு பயமும் உண்டு.

வண்டி பெரும்பாலும் ஓட்டுநரோடுதான் வாடகைக்கு வரும். எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: இரவில் எங்கே நிறுத்துவது, மின் இணைப்பு கிடைக்குமா, கழிவுத் தொட்டியை எங்கே இறக்குவது. பெரியாற்றங்கரை ஊரான ஆலுவாவில் இட வசதியுள்ள விடுதி ஒன்றோடு பேசி நிறுத்திக்கொள்ளலாம். அங்கிருந்து எர்ணாகுளத்துக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. நகர நெரிசலில் கேரவனை ஓட்டும் தொல்லை மிச்சம்.

எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்துக்கு அருகே உள்ள துறையில் வாட்டர் மெட்ரோ. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான மின்சாரப் படகுகள். ஒரு படகில் 100 பேர் போகலாம். 2023 ஏப்ரலில் சேவை தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். மட்டாஞ்சேரிக்கு மட்டும் அது சுலபமாக வந்து சேரவில்லை. சேறு படிந்து பழைய படகுத்துறைக்கு அரசுப் படகு வருவதே நின்றிருந்த ஊர் இது. 2025 அக்டோபரில்தான், டச்சு அரண்மனைக்கு அருகிலேயே வாட்டர் மெட்ரோ முனையம் திறக்கப்பட்டது. பாலத்தைச் சுற்றி வரும் பஸ்ஸை நம்பியிருந்த ஊருக்குப் பழைய முன்வாசல் மறுபடி திறந்ததுபோல. சேறு மீண்டும் அடைக்காமல் தூர்வாருகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அது திறந்தே இருக்கும்.

வண்டியைக் கட்டாயம் அக்கரை சேர்க்க வேண்டும் என்றால் வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ‘சேதுசாகர்’ ரோ-ரோ படகு உண்டு. நான்கு லாரி, 12 கார், 50 பயணிகள் என்பது அதன் கணக்கு. 2018-ல் தொடங்கிய சேவை. கேரவனின் நீளத்தையும் எடையையும் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. எப்படியும் இறங்கிய பிறகு மட்டாஞ்சேரிக்குள் நடைதான். வெள்ளிக்கிழமை அரண்மனைக்கும் சனிக்கிழமை ஜெபாலயத்துக்கும் விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விட்டால் வெயிலுக்கு முன் பஜார் ரோட்டை நடந்து முடிக்கலாம். காரம் குறையாத சுக்கும் மிளகும் அங்கே மொத்தக் கடைக்காரரிடமே வாங்கலாம்.

மாலையில் திரும்பும் படகில் எர்ணாகுளத்துக்கு இரவு வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். எதிர்ப்படகில் அங்கே வேலை முடிந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்புகிறவர்கள். அந்தப் படகு முதலில் அவர்களுக்காக விடப்பட்டது. பக்கத்தில் யாராவது நின்றால் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுங்கள். மட்டாஞ்சேரியில் கிடைப்பதற்கரிய பொருள் அதுதான்.